எண்ணெய் தீராத விளக்கு

கடந்த அரையாண்டில் ஒருநாள், காலை எட்டு மணி விரிவுரையின்போது, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த மாணவனொருவன் மேசைமீது தலை சாய்த்து உறங்கிவிட்டான். பாலைத் திணையின் முதற்பொருளை விளக்கிக்கொண்டிருந்தேன். பாலையைப் பற்றிய விரிவுரையில் ஒருவன் உறங்கிவிடுதல் புதுமையன்று. அதற்கு விரிவுரையாளரும் ஓரளவு பொறுப்பாளியே. ஆயினும் அன்றைக்கு எனக்கிருந்த மனநிலையில் அவ்வளவு தூரம் சிந்திக்கவில்லை. "இரவு முழுவதும் கைத்தொலைபேசியோடு குடித்தனம், பகலில் எங்கள் மண்டபம் உமக்குப் பள்ளியறையோ?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் எழுந்து, "மன்னிச்சுக் கொள்ளுங்கோ சேர்" என்று சொல்லி, அமரும்படி நான் பணித்த பின்னரும் அமராது, மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தான். உட்கார்ந்தால் மீண்டும் உறங்கிவிடுவேன் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை அவன் என் அறைக்கு வந்தான். சில மாதங்களில் உடல் மெலிந்திருந்தது. கண்கள் சிவந்து, இமையோரம் தடித்திருந்தன. காரணமின்றி நெஞ்சு படபடப்பதாகவும், ஒரு பக்கத்தைக்கூடத் தொடர்ந்து வாசிக்க இயலவில்லை என்றும் கூறினான்.

"பதினொரு மணிக்குப் படுப்பன் சேர். படுத்துக்கொண்டு போனை எடுப்பன். பிறகு நேரத்தைப் பார்த்தால் நாலு மணி."

"அந்த ஐந்து மணித்தியாலமும் அப்படி என்னதான் பார்க்கிறீர்?"

சற்று நேரம் யோசித்தான். பிறகு, உண்மையாகவே வியப்புற்றவன்போல, "ஒண்டுமில்லை சேர்" என்றான்.

அவன் ஏதேனும் ஒன்றைப் பெயர் சொல்லியிருப்பானாயின், அதனைக் கண்டிப்பதற்கு வேண்டிய வாசகங்கள் என்னிடம் ஆயத்தமாக இருந்தன. சூதாட்டம் என்றிருக்கலாம், காதல் என்றிருக்கலாம், ஆபாசம் என்றிருக்கலாம். 'ஒன்றுமில்லை' என்ற விடைக்கு மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த விடையேயாகும்.

என் தலைமுறையைச் சேர்ந்த ஆசிரியர் இவ்விடயத்தைப் பேசத் தொடங்கினால், இரண்டாவது வாக்கியத்திலேயே குப்பி விளக்கு வந்துவிடும். என் கட்டுரையிலும் அது வரத்தான் செய்கிறது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி, மெல்லிய திரியொன்றைக் கொளுத்தி, அவ்வொளியிலே நாங்கள் பட்டப்படிப்புக்குப் படித்தோம். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயின் விலை எட்டாத உயரத்தில் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட காலமது.

இதனைச் சொல்லி, 'நாங்கள் எவ்வளவு ஆரோக்கியமாக வாழ்ந்தோம்' என்று முடிப்பது எம்மவர் வழக்கம். அஃது உண்மையன்று. எங்கள் கண்கள் புகையாற் கெட்டன. நாசித் துவாரங்களிற் கரி படிந்தது. வானத்தில் விமான ஒலி கேட்டால் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பதுங்கு குழிக்கு ஓடினோம். உறக்கமின்மை எங்களுக்கும் இருந்தது. அச்சமும் துயரமும் எங்களுக்கே கூடுதலாக இருந்தன. எனவே ஒழுக்கத்திலோ மனவலிமையிலோ நாங்கள் மேம்பட்டவர்கள் என்று நான் சொல்லத் துணியேன். வேறுபாடு ஒன்றே ஒன்று. எங்கள் விளக்கில் எண்ணெய் தீர்ந்தது. பத்தரை மணிக்கோ பதினொரு மணிக்கோ திரி கருகும்; அதன்பின் செய்வதற்கு எதுவுமில்லை. படுக்க வேண்டும், அல்லது இருளில் அமர்ந்து அறைத்தோழனோடு கதைக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்ற தீர்மானத்தை நாங்கள் எடுக்கவில்லை, போத்தல் எடுத்தது.

இம்மாணவனின் கையிலிருக்கும் விளக்கிலோ எண்ணெய் தீர்வதில்லை. தீராதபடியே அது செய்யப்பட்டிருக்கிறது. முன்னர் இணையப் பக்கமொன்றின் அடிக்கு வந்தால், அடுத்த பக்கத்துக்குச் செல்ல ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அந்தக் கணநேரத் தடங்கலில் மனம் தன்னைத்தானே, 'போதுமா?' என்று கேட்க இடமிருந்தது. 2006 ஆம் ஆண்டில் அசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், கீழே செல்லச் செல்லப் பக்கம் தானாகவே நீண்டுகொண்டு போகும் முறையை உருவாக்கினார். பயன்படுத்துவோருக்கு ஒரு சிறு வேலையை மிச்சப்படுத்துவதே அவர் நோக்கம். அது மனிதரின் எத்துணைப் பொழுதை விழுங்கிவிட்டது என்பதைப் பின்னாளில் உணர்ந்து, தாம் செய்ததற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார்.

முடிவின்மை ஒருபுறமிருக்க, அடுத்து வருவது யாதென்ற நிச்சயமின்மை மறுபுறம். பி. எப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களைக் கூட்டில் அடைத்து, ஒரு தட்டைக் கொத்தினால் தானியம் விழுமாறு செய்து ஆராய்ந்தார். சார்ள்ஸ் பேர்ஸ்டர் என்பாருடன் சேர்ந்து அவர் 1957 இல் வெளியிட்ட பெருநூல் இத்தகைய சோதனைகளாலேயே நிறைந்தது. தானியம் எப்போது விழும் என்று அறியமுடியாத புறா, ஒழுங்காகத் தானியம் பெறும் புறாவைக் காட்டிலும் விடாப்பிடியாகக் கொத்தியது. தானியத்தை முற்றாக நிறுத்திய பின்னரும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. கைவிரலால் கண்ணாடித் திரையைத் தள்ளித் தள்ளி, பத்திலே ஒன்று சுவையாயிருந்தால் அந்த ஒன்றுக்காக ஏனைய ஒன்பதையும் பார்க்கும் எம் பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு அந்தப் புறாவின் நினைவு வருகிறது. பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? சுவீப் ரிக்கற்றைச் சுரண்டிப் பார்க்கும் பெரியவர்களும் கொத்துவது அதே தட்டைத்தான்.

உடலுக்கு நேர்வனவற்றுள் உறக்கக்கேட்டையே முதலாவதாகச் சொல்ல வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள். இருள் சூழும்போது மூளையின் கூம்புச் சுரப்பி மெலடோனின் என்ற சுரப்பைச் சுரந்து, உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. கண்ணில் வந்து விழும் நீலஞ்சார்ந்த ஒளி அச்சுரப்பைக் குறைக்கிறது. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், பன்னிருவரை உறங்குமுன் நான்கு மணித்தியாலம், சில நாட்கள் ஒளிவிடும் திரையிலும் சில நாட்கள் அச்சிட்ட நூலிலும் வாசிக்கச் செய்தனர். திரையில் வாசித்த நாட்களில் அவர்கள் உறங்குவதற்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்தது. அடுத்த நாள் மெலடோனின் சுரக்கத் தொடங்கும் வேளை ஒன்றரை மணித்தியாலம் பின்தள்ளிப் போயிற்று. காலையில் எழும்போது சோர்வும் கூடியிருந்தது. பன்னிருவர் என்பது சிறிய தொகைதான். பத்து நிமிடம் என்பதும் பெரிய கேடாகத் தோன்றவில்லை. என் மாணவன் இழந்தது ஐந்து மணித்தியாலம். அதனை முழுவதும் ஒளியின்மேல் சுமத்துவது பொருந்தாது. ஒளி கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே பிடித்து வைத்திருப்பது வேறு.

கண்ணைப் பொறுத்தவரை, நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவையளவில் இமைக்கிறோம். திரையை உற்று நோக்கும்போது அது மூன்றிலொன்றாகக் குறைந்துவிடுகிறது. இமைக்காத கண் காய்கிறது. சோளகக் காற்றும் புழுதியும் சேர்ந்தால் மேலும் காய்கிறது. கழுத்தைப் பற்றி, குனிந்த தலை முள்ளந்தண்டில் 27 கிலோவரை பாரம் ஏற்றுகிறது என்ற கணக்கொன்று 2014 முதல் எங்கும் பரவி வருகிறது. அது மாதிரியொன்றை வைத்துக் கணித்துப் பெற்றதேயன்றி, மனிதரின் கழுத்தில் அளந்து பெற்றதன்று. ஆயினும், விடுதிக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, நாடியை நெஞ்சில் முட்டவைத்துக்கொண்டு நள்ளிரவுவரை கிடக்கும் இளைஞனுக்குக் கழுத்து நோகும் என்பதை அறிய எமக்குக் கணக்கு வேண்டியதில்லை.

மனத்தைப் பற்றிய செய்திதான் சிக்கலானது. இங்கே அறிஞர்கள் ஒரு குரலிற் பேசவில்லை. 'இணைய அடிமை நோய்' என்ற தொடரே பரிகாசமாகப் பிறந்ததென்றால் வாசகர் வியப்படையக்கூடும். 1995 இல் ஐவன் கோல்ட்பேர்க் என்ற நியூயோர்க் மனநல மருத்துவர், தம் துறையினர் எதனையும் நோயென்று பெயரிட்டுவிடுவதைக் கேலி செய்யும் பொருட்டு, அப்படியொரு நோயின் அறிகுறிகளைப் புனைந்து இணையத்தில் எழுதினார். படித்தவர்களோ, 'எனக்கும் இந்நோய் உண்டு' என்று அவருக்கு உண்மையாகவே எழுதலாயினர். கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் அதனைக் கேலியாகக் கொள்ளவில்லை. அவர் 1998 இல் வெளியிட்ட நூலின் வழிவந்த இருபது வினாக்கள் உலகெங்கும் பல்கலைக்கழக மாணவர்மீது இன்றும் பிரயோகிக்கப்படுகின்றன. நூறு புள்ளிகள், ஐம்பதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வினாக்களுக்கு நானே விடையெழுதிப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று. மாணவனைப் பள்ளியறை பற்றிக் கேட்டு நகையாடியவனின் புள்ளி அது.

1998 இல் ரொபேர்ட் க்ராவுட் முதலிய ஆய்வாளர், பிற்ஸ்பேர்க் நகரக் குடும்பங்கள் எழுபத்துமூன்றைத் தொடர்ந்து கவனித்து, இணையத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தியோரிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் மிகுந்ததாக எழுதினர். அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பின்னர் அதே மனிதரை மீண்டும் ஆராய்ந்து, தாங்கள் கண்ட தீமைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்று 2002 இல் அவர்களே எழுதினர். தம் கூற்றைத் தாமே திருத்திக்கொள்ளும் இத்தகைய நேர்மை எனக்குப் பிடித்தமானது. 2019 இல் ஏமி ஓர்பென், அன்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற இருவர், இளவயதினரின் தரவுகளைப் பெருந்தொகையாக ஆராய்ந்து, அவர்தம் நலவாழ்வின் வேறுபாடுகளில் 0.4 வீதத்துக்கு மேற்படாத பகுதியே இச்சாதனங்களின் பயன்பாட்டோடு தொடர்புடையது என்றனர். ஆகவே இன்றைய இளைஞரின் துயரமனைத்துக்கும் இணையமே வேர் என்று மேடையிற் பேசுவோர் சற்று நிதானித்தல் நன்று.

எனினும் ஓர் ஆராய்ச்சியை என்னால் எளிதிற் கடந்துசெல்ல முடியவில்லை. முகநூல் 2004 பெப்ரவரியில் ஹாவர்ட் பல்கலைக்கழக மாணவருக்கென்றே தொடங்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்துவிடப்பட்டு, 2006 இலேயே பொதுமக்களுக்கு வந்தது. ஒரு கல்லூரிக்கு முந்தியும் மற்றொரு கல்லூரிக்குப் பிந்தியும் அது சென்றமையால், இயற்கையே ஒரு சோதனைக்கூடத்தை அமைத்துக் கொடுத்ததுபோலாயிற்று. பொருளியலாளர் மூவர் அக்கால மாணவர் நலக் கணிப்பீடுகளை ஒப்புநோக்கி, 2022 இல் தம் முடிபை வெளியிட்டனர். முகநூல் வந்த கல்லூரிகளில் மாணவரின் மனநலம் தாழ்ந்தது. தொழிலை இழந்த ஒருவர் அடையும் மனத்தாக்கத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு என்று அதன் அளவைக் குறித்தனர். காரணம் யாதெனத் தேடியபோது அவர்கள் கண்டது, பிறருடன் தம்மை ஒப்பிட்டு மனம் குன்றுதலை.

ஒப்பிடுதல் எமக்குப் புதிய பழக்கமன்று. அயல்வீட்டுப் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைச் சொல்லி வளர்க்கப்பட்ட சமுதாயம் எங்களுடையது. ஆயின் அயல்வீட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. இன்று வன்னிக் கூலித் தொழிலாளியின் மகள், ரொறன்ரோவிலிருக்கும் மைத்துனியின் பிறந்தநாள் விழாவையும், அதே விடுதியில் அடுத்த அறைத் தோழி சென்ற சுற்றுலாவையும், முகமறியா ஒருத்தியின் ஒப்பனை செய்த முகத்தையும் ஒரே இரவில் கட்டிலிற் கிடந்தபடியே பார்க்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். தன் அழுகையை ஒருவரும் படம்பிடித்துப் போடுவதில்லை என்பதை அறியாதவளல்லள். அறிந்திருந்தும் அவ்வறிவு நள்ளிரவில் உதவுவதில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பகிடிவதையைத் தடைசெய்து 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வளாகத்துள் அது ஓரளவு அஞ்சி ஒதுங்கியது. கைத்தொலைபேசி வந்தபின் அது விடுதி வாயிலில் நிற்கும் காவலாளியைத் தாண்ட வேண்டிய தேவையுமற்றுப் போயிற்று. புதுமுக மாணவி தன் வீட்டில், தாயின் அருகே படுத்திருக்கையிலேயே மூத்த மாணவர் குழுவொன்றின் கட்டளைகள் தலையணைக்கு வருகின்றன. புகைப்படத்தை வைத்து மிரட்டப்பட்ட பிள்ளைகள் இருவரை நான் அறிவேன். ஒருத்தி படிப்பைக் கைவிட்டாள். இதனை இங்கே விரித்தெழுத நான் விரும்பவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, 'ஆகவே கருவியை எறிந்துவிடுங்கள்' என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏனெனில் அதனை அவர்கள் கையில் வைத்தவர்கள் நாங்களே.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. சில வாரங்களுள் விரிவுரைகள் சூம் வழியே தொடங்கின. கல்வி வலையமைப்பும் தொலைபேசி நிறுவனங்களும் அதற்கு இலவச வசதி செய்து கொடுத்தன. அது நாட்டுக்குப் பெருமை தரத்தக்க காரியமே. நான் என் வீட்டு முன்னறையில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து விரிவுரையாற்றினேன். என் வகுப்பில், ஒரு முதியவரின் பெயருடன் யாரோ நுழைவதும் சில நிமிடங்களில் மறைவதுமாக இருந்தது. மாணவர் பட்டியலில் அப்பெயர் இல்லை. யாரோ அந்நியர் புகுந்து விளையாடுவதாகக் கருதி, இரண்டு தடவை அப்பெயரை நானே வெளியேற்றினேன். அதே வேளையில், முல்லைத்தீவு மாவட்டத்து உட்கிராமமொன்றைச் சேர்ந்த மாணவியொருத்தி தொடர்ந்து சமுகமளிக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதினேன்.

பல்கலைக்கழகம் மீளத் திறந்தபின் அவள் சிரித்துக்கொண்டே விடயத்தைச் சொன்னாள். தொலைபேசி தந்தையினுடையது; பெயரும் அவருடையது. வீட்டில் அலை எட்டாது. குளக்கட்டில் ஏறினால் எட்டும். யானைப் பயத்தினால் தம்பியையும் துணைக்கு அழைத்துச் செல்வாள். "ரெண்டு தரம் நீங்கள் வெளியில விட்டிட்டியள் சேர். பிறகு கூட்டாளியிட்ட நோட்ஸ் வாங்கினன்" என்றாள். அவள் சிரித்தாள், என்னால் முடியவில்லை. இணையத்தால் விளையும் மனத்தாக்கம் பற்றி ஆராய்வோர் அதனை அளவோடு மிஞ்சிப் பயன்படுத்துவோரையே எண்ணுகின்றனர். அது கிட்டாமையால் குளக்கட்டில் நின்று குறுகிப்போன மனங்களையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்டது நினைவிருக்கலாம். ஏப்ரல் 3 ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களையும் சில மணித்தியாலங்கள் முடக்கியது. எம்மவர் பழைய காலம் திரும்பியதாக எண்ணினர். மாணவர்களோ ஒரு மணித்தியாலத்துக்குள் வீ.பி.என். என்ற பின்கதவைக் கண்டுபிடித்துவிட்டனர். தடுத்து நிறுத்துவதை வைத்தியமென்று நம்புவோருக்காக இதனைக் குறிப்பிடுகிறேன்.

தாமாகவே குறைத்துக்கொள்வது வேறு விடயம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 143 மாணவரைக் கொண்டு நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், சமூக ஊடகத்தை மூன்று வாரம் நாளொன்றுக்கு அரைமணித்தியாலமளவில் மட்டுப்படுத்திக்கொண்டவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. முற்றாகக் கைவிடும்படி அவர்களை யாரும் கேட்கவில்லை. இதனை அந்த மாணவனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான், ஆனால் ஏதோ சொல்லத் தயங்கி நின்றான். வற்புறுத்தியபோது சொன்னான்:

"நான் போனைத் தூர வைச்சுப் பார்த்தனான் சேர். பத்து நாள் முந்தி நிப்பாட்டவும் செய்தனான். பிறகு நீங்கள் குறூப்பில ஒப்படையைப் பற்றி ஒரு அறிவித்தல் போட்டிருந்தியள். இரவு பதினொண்டு நாற்பதுக்கு. நான் காலையிலதான் பார்த்தனான்; மற்றப் பெடியள் எல்லாரும் இரவே தலைப்பு எடுத்திட்டாங்கள். எனக்கு மிஞ்சினதுதான் கிடைச்சது. அதுக்குப் பிறகு பக்கத்தில வைச்சுக்கொண்டுதான் படுக்கிறனான்."

என் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். 11.40. முந்தி வருபவருக்கு முந்திய தலைப்பு என்று நானே எழுதியிருந்தேன். அதற்கு மேலே 10.55 க்கு ஓர் அறிவித்தல். அதற்கு முந்திய வாரம் 12.10 க்கு ஒன்று. உறக்கம் வராத இரவுகளில் செய்வதற்கு ஏதுமின்றி நான் வேலையைச் செய்து முடித்துக் கடமையுணர்வோடு அனுப்பிய செய்திகள் அவை. தட்டில் தானியத்தைப் போட்டது நான். காலையில் வகுப்பின் முன்னே அவனை எழுப்பி நிறுத்தியவனும் நான்.

அன்றிலிருந்து மாலை ஏழு மணிக்குப் பின்னர் எந்த அறிவித்தலையும் அனுப்புவதில்லை. திணைக்களக் கூட்டத்தில் இதனை ஒரு வழமையாக்கலாம் என்று கூறினேன். 'மாணவர் இரவிலே பார்க்கத்தானே போகின்றனர், நாம் அனுப்பினால் என்ன?' என்று சக விரிவுரையாளரொருவர் கேட்டார். விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டு, அங்கேயே கிடக்கிறது.

அவனைப் பல்கலைக்கழக மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் உளவள ஆலோசகரிடம் அனுப்பினார். இரவில் தொலைபேசியை அறைக்கு வெளியே ஒருவரிடம் ஒப்படைக்கலாமே என்று அவர் கேட்டபோது, காலையில் எழுப்புவதற்கு அதுதான் வேண்டும் என்றானாம். மறுநாள் யாழ்ப்பாண நகரத்தில், பழைய கடையொன்றில், சாவி கொடுக்கும் அலாரம் மணிக்கூடு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் அதனைப் பின்னறையிலிருந்து தூசி தட்டி எடுத்து வந்தார். இப்போதெல்லாம் இதனை யார் கேட்கிறார்கள் என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவன் வந்தான். கண்களின் சிவப்புச் சற்றுத் தணிந்திருந்தது. இப்போது பன்னிரண்டரை மணியளவில் உறங்கிவிடுவதாகவும், சில இரவுகளில் இன்னமும் இயலவில்லை என்றும் சொன்னான். மணிக்கூடு எப்படி என்று கேட்டேன். அதன் 'டிக் டிக்' ஓசையில் அறைத்தோழர் மூவருக்கும் நித்திரை வருவதில்லையாம். துவாயொன்றாற் சுற்றி, சப்பாத்துக்குள் வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறான். காலையில் மணி அடிக்கும்போது அதனைத் தேடி எடுப்பதற்குள் நால்வரும் எழும்பிவிடுகிறார்களாம்.